மறைக்க வேண்டியதும் மறைக்கக் கூடாததும்

ராகி முற்றும் பனிக்காலத்தில், கர்நாடகத்துப் பன்னேருகட்டா வனத்திலிருந்து புறப்படும் யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரிக் காடுகளின் வழியே சானமாவு வரையிலும் வந்து, பகலெல்லாம் காட்டில் ஒதுங்கியிருந்து, அந்தி சாய்ந்த பின் ஏரிகளையும் வயல்களையும் நாடுவது ஓசூர் வட்டாரம் ஆண்டுதோறும் காணும் காட்சியாகும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இப்பீடபூமியில், சிப்காட் தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலைகளும் விட்டுவைத்த நீர்நிலையொன்றில் குட்டிகளோடு அவை இறங்கும்போது, அந்தச் சௌந்தரியத்தைப் படத்தில் நிறுத்தி வைக்க விழைவது மனித சுபாவமே. அந்த அபிலாஷைக்குத் தர்மம் வகுக்கும் எல்லை யாது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

படக்கலை வனவிலங்குகளுக்கு உபகாரம் செய்திருக்கிறது என்பதை யாரும் மறுக்க இயலாது. வேட்டையாடிய விலங்கின் மீது காலை வைத்துப் படமெடுத்துக்கொள்வது பெருமையென்று கருதப்பட்ட தேசத்தில், மா. கிருஷ்ணன் (1912–1996) போன்றோர் உயிரோடு உலவும் யானையைக் கறுப்பு வெள்ளைப் படங்களிலும் எழுத்திலும் காட்டி, காட்டையே காணாத நகரவாசிகளின் உள்ளத்திலும் அதன்பால் பரிவை விளைவித்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிலைபெறுவதற்கு அத்தகைய பரிவும் துணை நின்றது.

ஆயினும், நோக்கம் நல்லதாயிருப்பதாலேயே செயலின் விளைவுக்குப் பொறுப்பில்லாமற் போவதில்லை. ஏரிக்கரையில் ஆட்கள் திரண்டால், குட்டிகளை நடுவே அணைத்துக்கொண்டு, தாகம் தீராமலே மாற்று வழி தேடும் கூட்டம் எந்தத் திசையில் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது வயலுக்குள் புகுந்தால், பரணிலிருந்து இரவெல்லாம் காவல் காக்கும் குடியானவனின் விளைச்சல் அழியும். அவன் உயிருக்கும், விரட்ட வரும் வனக்காவலரின் உயிருக்கும் அபாயம் நேரும். படமெடுத்தவர் பெறும் ஆனந்தத்திற்கு விலை கொடுப்பவர்கள், அந்தப் படத்தில் ஒருபோதும் இடம்பெறாதவர்கள்.

இதனினும் நுட்பமான குற்றமொன்று உண்டு. இன்ன ஏரியில், இன்ன கரையில், இன்ன வேளையில் என்று இடத்தைப் படத்தோடு வெளியிட்டால், மறுநாள் மாலையே அங்கு கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அதே வேளையில், பெங்களூரின் கழிவுகளைச் சுமந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் மலைமலையாய்ப் பொங்கச் செய்யும் நுரையும், அடிவானத்தை மறைக்கும் புகைபோக்கிகளும், மின்கம்பங்களும் படச்சட்டத்திற்கு வெளியே தள்ளப்படுகின்றன. எங்கே என்பது பகிரங்கமாகிறது. எந்த நிலையில் என்பது மறைக்கப்படுகிறது. யானைக்கு ஒரு குறையுமில்லை என்று நம்பவைக்கும் அவ்வழகு, அதன் துயரத்தின் மீது போர்த்திய பட்டாகவே அமைகிறது.

இடத்தை மறைத்தால் அதனைக் காப்பது எவ்வாறு என்று கேட்கலாம். காக்கும் கடமையுடைய வனத்துறைக்கு அதனைத் தெரிவிப்பதற்குத் தடையேதுமில்லை. பொதுமக்களுக்கோ மாவட்டத்தின் பெயரே போதும். அவலட்சணத்தை யார் விரும்பிப் பார்ப்பார்கள் என்றும் கேட்கலாம். நுரையின் ஓரத்தில் துதிக்கையை நீட்டித் தயங்கும் யானையைக் கண்டபின் எவருள்ளமும் வாளாவிராது. அந்தக் கலக்கமே நீரைச் சுத்திகரிக்கும்படி கேட்கும் குரலாக வளரும்.

2014இல் அரசு ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் யானையின் வழி சரணாலய எல்லையோடு முடிவதில்லை; அதற்கப்பாலுள்ள ஏரிக்கரைகளில் அதற்கு அரணாக நிற்கக்கூடியது மனிதரின் சுயக்கட்டுப்பாடு ஒன்றே. ஆதலால், விலங்கின் போக்கை ஓர் அடியேனும் மாற்றாத தூரத்தில் நின்று, அது தங்கும் இடத்தை மறைத்து, அது வாழும் நிலையை உள்ளபடி காட்டுபவருக்கே இம்மலைநாட்டு நீர்நிலைகளைப் படமெடுக்கும் உரிமை உண்டு; அதற்கு மனமில்லாதவர் காமிராவை வெளியே எடுக்காதிருப்பதே அறம்.