வாசலில் நிற்பவரின் கடமை

2021 மே மாதக் கடைசியில் கோவை மாவட்டத்தின் தினசரிக் கொரோனாத் தொற்று 4,000ஐக் கடந்து சென்னையையே முந்தியது. அந்த நாள்களில் காய்ச்சல் கணக்கெடுப்புப் பணியாளர்கள் வெப்பமானியும் ஆக்சிமீட்டருமாக வீடு வீடாகப் போனார்கள். உறவினரும் எட்டிப் பார்க்காத வாசல்களில் அவர்கள் போய் நின்றார்கள். அப்படி நிற்கும் ஒருவர் காய்ச்சலைத் தவிர வேறொன்றையும் கண்டுவிட்டால் என்ன செய்வது? கன்னம் வீங்கிய ஒரு பெண், ஆளைக் கண்டதும் ஒடுங்கும் ஒரு சிறுமி, சாப்பிட்டு நாளான ஒரு பெரியவர். கேட்க வந்ததை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவது அறமாகுமா?

வழக்கமாகப் பிள்ளைகளைக் கவனிக்கும் கண்கள் அப்போது இல்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பிள்ளையின் முகம் வாடியிருப்பதை ஆசிரியர் காண்பார். அதன் பசியைச் சத்துணவு அமைப்பாளர் அறிவார். அரிசியும் பருப்பும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் கவனிப்பு போய்ச் சேரவில்லை. திருப்பூரின் லைன் வீடுகளில், பனியன் கம்பெனி வேலை நின்றுபோன குடும்பங்கள் ஒற்றை அறைக்குள் நாள் முழுக்க அடைந்து கிடந்தன. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தோட்டத்துச் சாளைகளில் முதியவர்கள் மாத்திரை வாங்கித் தரவும் ஆளின்றித் தனித்திருந்தார்கள். ஈரோட்டு மலைக் கிராமங்களில், படிப்பு நின்ற பெண்பிள்ளைக்குக் கல்யாணம் பேசிவிடும் பழைய ஆபத்து மீண்டும் நெருங்கியது.

ஆனாலும் பேசாதிருப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. காய்ச்சல் பார்க்க வருபவர் வீட்டு ரகசியத்தையும் சொல்லிவிடுவார் என்று ஒரு தெருவுக்குத் தெரிந்தால், மறுநாள் அந்தத் தெருவே காய்ச்சலை மறைக்கும். மறைந்த காய்ச்சல் பலரைக் கொல்லும். இந்த அச்சம் வெறும் கற்பனையும் இல்லை. நோய் கண்ட வீடுகளில் தகரம் அடித்ததையும் கதவில் அறிவிப்பு ஒட்டியதையும் மக்கள் பார்த்திருந்தார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவிட்டாலன்றி அப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஊருக்குத் தெரிய வேண்டாத செய்தி தெருவுக்கு வந்தது; உரியவருக்குத் தெரிய வேண்டிய செய்தி வீட்டுக்குள்ளேயே புழுங்கியது.

சொல்வதையும் சொல்லாதிருப்பதையும் எடைபோடும்போது, பாதிக்கப்பட்டவர் குழந்தையா பெரியவரா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. குழந்தையால் அந்த வீட்டைவிட்டுப் போக முடியாது. புகார் கொடுக்கவும் வழி தெரியாது. அதனால்தான் பாலியல் கொடுமை பற்றி அறிந்த எவரும் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதிக்கிறது. இதில் பணியாளருக்கு விருப்பம் கிடையாது, இருக்கவும் கூடாது. வயது வந்த பெண்ணின் நிலை வேறு. அவரைக் கேட்காமல் காவல்துறையை அழைத்தால், அன்றிரவு அடி இன்னும் பலமாக விழலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவர் கையில் கொடுத்து, அவர் சொல்லும் வழிக்குத் துணை நிற்பதே மரியாதை. முதியவருக்கும் இதே மரியாதை உண்டு. நினைவு தப்பியவராகவோ உயிருக்கு ஆபத்தான நிலையிலோ இருந்தால் மட்டுமே அவர் சம்மதத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

சொன்னதோடு கடமை முடிவதுமில்லை. பெற்றோர் இருவரையும் கொரோனாவில் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை என்று 2021 மே 29 அன்று தமிழக அரசு அறிவித்தது. அந்தக் குழந்தையைக் கண்டுபிடிக்க மருத்துவமனையின் பதிவேடு வேண்டும். இறப்புச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்க்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வேண்டும். ஒவ்வொருவரிடமும் இருப்பது ஒரு துண்டுச் செய்தி. அவற்றைச் சேர்த்துப் பார்ப்பவர் இல்லையென்றால் குழந்தை எவர் கண்ணுக்கும் படாது.

2021 நவம்பரில் கோவையில் பிளஸ் 2 மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பாலியல் தொல்லை கொடுத்ததாக ஆசிரியரும், முன்பே தெரிந்தும் புகார் அளிக்கவில்லை என்று பள்ளி முதல்வரும் கைதானார்கள். நிறுவனத்தின் பெயரைக் காக்கும் மௌனம் பிள்ளையைக் காக்காது என்பதைக் கொங்கு நாடு இதைவிட வேதனையாகக் கற்க வேண்டியதில்லை.

கூட்டாகக் காப்பது என்றால் எல்லோரும் எல்லாவற்றையும் அறிந்துகொள்வது என்று பொருளில்லை. செயல்படக்கூடியவருக்கு மட்டும், தேவையான அளவு மட்டும் செய்தி போக வேண்டும். அதைப் பெற்றுக்கொண்டவர் யார், எந்த நாளுக்குள் அந்த வீட்டுக்குப் போனார் என்பது பெயரோடு பதிவாக வேண்டும். செவிலியர் அங்கன்வாடியிடமும், அங்கன்வாடி கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லி, அவர் மேலிடத்துக்கு எழுதி, கடைசியில் ஒருவரும் போகாதிருந்தால் அந்தக் குற்றத்தில் எல்லோருக்கும் பங்குண்டு. அடுத்த தொற்று எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வாசலில் நிற்கப்போகிறவருக்கு எதைக் கவனிக்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று இன்றே கற்றுக்கொடுப்பதும், அவர் அழைத்தால் எடுக்க ஓர் ஆளை நியமிப்பதும் நம் கையில் இருக்கின்றன.