அறிந்தால் போதுமா?

முக்கூடலில், சுளகை மடியிலேந்திப் பீடி சுற்றும் தாய்மாரைக் கண்டபடியே நாம் பள்ளி செல்கிறோம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவென எண்ணித் தரும் கூலி உழைப்புக்கு ஈடல்ல என்பதை அவர்கள் அறியாதவரா? அறிவர், அடுப்பு எரிய வேண்டுமே, ஆகவே சுற்றுவர்!

ஸ்லோவேனியச் சிந்தனையாளர் ஸ்லாவோய் ஜிஜெக், 1989இல் வெளிவந்த தம் நூலில் நம்மைச் சீண்டுகிறார்: முதலாளித்துவம் மக்களின் அறியாமையால் மட்டும் வாழவில்லை, அறிந்தும், நகைத்தும், பழைய வழியிலேயே நடப்போரால் வாழ்கிறது என்று.

அந்தச் சொல் தைப்பது தாய்மாரையல்ல, நம்மை! அவர்களை ஆட்டுவது பசி. நம்மை ஆட்டுவது எது? வீட்டிலிருந்து சுற்றுவோரும் தொழிலாளரே என்றது 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம். அதையும் படித்தோம், எத்தனை திண்ணைகளில் எடுத்துரைத்தோம்?

பகுத்தறிவு, படித்ததோடு நின்றால் அணிகலன். தெருவில் இறங்கினால்தான் ஆயுதம், தோழர்களே!