‘வாத்தியார்’ என்னும் சொல்



வாத்தியார் என்று நாம் எளிதாய் வழங்கும் சொல்லை இன்று சற்று ஊன்றி நோக்குவோம். உபாத்தியாயர் என்னும் வடசொல் தமிழர் நாவில் உவாத்தியாயர் ஆகி, முதலெழுத்தும் தேய்ந்து வாத்தியார் ஆயிற்று. ‘உப’ என்றால் அருகு. எவரருகே சென்று ஓதுகிறோமோ அவரே உபாத்தியாயர். பாலியில் இச்சொல் ‘உபஜ்ஜாயர்’ என நிற்கும். வடநாட்டில் ஓஜா, ஜா என்னும் குடிப்பெயர்களும், சீனத்தில் பிக்குவைக் குறிக்கும் ‘ஹோஷாங்’ என்பதும் இதன் திரிபுகளே.

மனு நூல் உபாத்தியாயரைப் பிழைப்புக்காக வேதத்தின் ஒரு பகுதியைக் கற்பிப்பவர் என்று கூறி, ஆசாரியரினும் பதின்மடங்கு தாழ்த்தி வைத்தது. விநயத்திலோ உபஜ்ஜாயரே முதல்வர். அவர் இல்லாதபோது அவரிடத்தில் நிற்பவரே ஆசாரியர்.

வழிநடத்துவார் இன்றிப் பிக்குகள் சிலர் ஆடை திருந்த உடுத்தாமலும் உண்ணுமிடத்தில் கூச்சலிட்டும் திரிய, மக்கள் பழித்தனர். அதுகண்டே பகவர் உபஜ்ஜாயரை ஏற்படுத்தினார் என்கிறது மகாவக்கம். துறவு பூண்டு ஓராண்டே ஆன உபசேனர் தமக்கொரு மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டபோது பகவர் அவரைக் கடிந்தார்; பத்தாண்டு நிறைந்தவரே உபஜ்ஜாயர் ஆகலாம் என விதித்தார். பத்தாண்டு கழிந்தும் அறிவிலிகளாய் இருந்தோர் அவ்விதியைப் பற்றிக்கொள்ளவே, கல்வியும் ஆற்றலும் உடையவரே ஆகலாம் என்று மேலும் விதித்தார். ஆண்டுக் கணக்கைக் காட்டி உயர்வு கேட்போர் அன்றும் இருந்தனர் போலும்!

ஆசானுக்குப் பற்குச்சியும் நீரும் கஞ்சியும் கொணர்வது மாணாக்கன் கடமை. இது எவரும் அறிந்ததே. ஆனால் மாணாக்கன் நோயுற்றால் அதே குச்சியும் நீரும் கஞ்சியும் உபஜ்ஜாயர் கொணர வேண்டும். குணமாகுமளவும் உடனிருந்து பேண வேண்டும். அவனுக்குச் சீவரம் இல்லையேல் தாம் தர வேண்டும். ஆசானிடம் பொய்க்கொள்கை எழுந்தால் அதை விலக்க முயல்வது மாணாக்கன் கடமை. அம்மாணாக்கனுக்குச் ‘சத்திவிகாரிகன்’ என்று பெயர். உடனுறைபவன் என்பது பொருள்.

அருகு, உடன் என்னும் இவ்விரு சொற்களை நெஞ்சில் வைத்து, 1891-இல் பிறந்த அண்ணல் அம்பேத்கரின் பள்ளி நாட்களை நோக்குங்கள். மற்றப் பிள்ளைகளை விட்டு விலகிக் கோணித்துணிமேல் அமர்ந்தார் அச்சிறுவர். பள்ளியைப் பெருக்கும் ஆளும் அதைத் தொடான். ஆதலின் மாலையில் தாமே வீட்டுக்குச் சுமந்து செல்வார். ஏவலன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர். அவன் வாராத நாளில் தாகத்தோடிருந்தார். அங்கே கற்பிப்பவர் இருந்தார்; அவரருகே செல்ல வழியில்லை. நம்முள் ஆசிரியப் பணி புரிவோர் பலர் உளர். தம் வகுப்பில் அந்தக் கோணித்துணி கண்ணுக்குத் தெரியாமல் இன்றும் விரிந்திருக்கிறதா என்பதை அவர்களே அறிவர்.

உபாலி நாவிதர் குலத்தவர். சாக்கிய இளவரசர் தம் செருக்கு அடங்க வேண்டி அவருக்கு முதலில் துறவளிக்குமாறு பகவரை வேண்டினர். பின்பு அவரையே வணங்கினர். பகவர் மறைந்தபின் இராசகிருகத்தில் கூடிய முதற் சங்கத்தில், மகாகாசியபர் வினவ, விநயம் முழுவதையும் எடுத்துரைத்தவர் அந்த உபாலியே.