ஒரே டிக்கெட், வேறு வேறு வெயில்

ஜெனரல் மோட்டார்ஸ் 1959இல் சந்தைக்குக் கொண்டுவந்த ‘நியூ லுக்’ பஸ்ஸுக்கு அமெரிக்கர்கள் வைத்த பட்டப்பெயர் மீன்தொட்டி. முன்பக்கத்தில் வளைந்த பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் டிரைவர். நாற்பதாயிரத்துக்கும் மேல் தயாரான இந்த பஸ்ஸின் மாடல் எண்ணைப் பாருங்கள்: டி8எச்-5307ஏ. ‘டி’ என்றால் நகரப் பேருந்து, 8 என்றால் எட்டு சிலிண்டர், ‘எச்’ என்றால் ஹைட்ராலிக் கியர், 53 என்பது இருக்கைக் கணக்கு, 07 வரிசை எண். கடைசியில் தொங்கும் ‘ஏ’தான் ஏசி. ஏசி இல்லாத வண்டிக்கு அந்த இடத்தில் ‘என்’. பயணிக்கு இந்த எண்ணில் அக்கறையுள்ள எழுத்து அது ஒன்றுதான்.

எந்த நகரமும் தன் பஸ்களை ஒரே நாளில் மாற்றிவிடுவதில்லை. ஆண்டுக்குக் கொஞ்சம் வாங்கும், பழையதை ஓட்டும்வரை ஓட்டும். அதனால் ஒரே டெப்போவில் ‘ஏ’யும் ‘என்’னும் பல ஆண்டுகள் சேர்ந்தே நின்றன. ஆகஸ்ட் மாத மதியம் நிறுத்தத்தில் நிற்பவருக்கு எது வரும் என்று தெரியாது. முன்னால் வந்தவர் குளிரில் ஏறிப் போய்விடுவார்; பத்து நிமிடம் தாமதமாக வந்தவர் அதே கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, சட்டை முதுகில் ஒட்ட, வெந்துகொண்டு போவார். அவரை யாரும் ஏமாற்றவில்லை. கிடைக்க வேண்டிய பஸ் கிடைத்தது, போக வேண்டிய இடத்துக்குப் போனார். ஆனாலும் தனக்கு அநியாயம் நடந்துவிட்டதாக அவர் முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறதா?

டெரக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1991இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சமத்துவத்தைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். ஏற்றத்தாழ்வு என்பதே தன்னளவில் தீமை என்று நம்புகிறவர்களை அதில் அவர் ஒரு மூலைக்குத் தள்ளுகிறார். அப்படியானால் பார்வையுள்ளவர்களின் கண்களைப் பறித்துவிட்டால், எல்லோரும் குருடர்களாகிவிட்ட அந்த உலகம் ஏதோ ஒரு விதத்திலாவது மேலானது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவருமே! பஸ் கணக்கில் சொன்னால், ‘ஏ’ வண்டிகளின் கம்ப்ரசரைக் கழற்றி எறிந்தால் சமத்துவம் வந்துவிடும், ஒருவருக்கும் ஒரு நன்மையும் வராது. எனவே பார்ஃபிட் வேறொரு வழியை முன்வைத்தார். யாருக்கு யார் சமம் என்று அளக்காதே. மிகவும் கஷ்டப்படுகிறவருக்குக் கிடைக்கும் நன்மைக்குக் கூடுதல் எடை கொடு, அவ்வளவுதான். இதன்படி, பாதி பஸ்களில் மட்டும் ஏசி இருப்பது குற்றமில்லை. அடுத்த ஏசி பஸ் எந்தத் தடத்துக்குப் போகிறது என்பதே கேள்வி.

கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் இந்த வாதத்துக்குள் ஓர் அனுமானம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது: கொடுக்கப்படும் நன்மை எவரிடமிருந்தும் எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்பது. அதைப் பழைய பஸ்கள் உடைத்துக் காட்டின.

1977இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆர்டிஎஸ் என்ற புதிய பஸ்ஸை இறக்கியது. மறு ஆண்டே போட்டியாக ஃப்ளெக்சிபிள் 870 வந்தது. இரண்டும் விண்வெளிக் காலத்துக்குப் பொருத்தமாகப் பளபளத்தன. ஜன்னல்கள் மட்டும் திறக்காது. ஏசி ஓடும்போது ஜன்னலைத் திறந்தால் குளிர் வெளியே போய்விடும், பிறகு எதற்குத் திறக்கும் ஜன்னல் என்பது வாதம். வாதத்தில் பிழையில்லை, ஏசி ஓடும்வரை.

அது ஓடாமல் போவதற்கான காரணங்களோ அதன் அமைப்பிலேயே இருந்தன. அந்தக் காலத்து பஸ் ஏசியின் கம்ப்ரசரை என்ஜினே சுழற்றும். சுழலும் தண்டு கம்ப்ரசரின் கூட்டுக்கு வெளியே நீண்டிருக்கும். அது வெளியே வரும் இடத்தில் ஒரு சீல். பள்ளம் மேடுகளில் குலுங்கிக் குலுங்கி அந்த சீல் தேயும், ஹோஸ் இணைப்புகள் தளரும், வாயு கசியும். கண்டென்சரில் தெருப்புழுதி கம்பளி போல அப்பிக்கொள்ளும். இன்னொரு விசித்திரம்: பஸ் நெரிசலில் நிற்கும்போது என்ஜின் மெதுவாகச் சுற்றும், கம்ப்ரசரும் மெதுவாகச் சுற்றும். வெயில் சுள்ளென்று அடிக்க, கூட்டம் நெருக்க, காற்றோட்டமே இல்லாத அந்த நேரத்தில்தான் குளிர்ச்சி குறையும். ஆர்-12 வாயு நிரப்பிய வண்டிகளுக்கு 1996 முதல் மேலும் ஒரு சிக்கல். ஓசோன் படலத்தைக் காப்பதற்காக அமெரிக்காவில் அதன் உற்பத்தியே நின்றது.

ஏசி செத்த, ஜன்னல் திறக்காத பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பார்க்கலாம். ‘என்’ வண்டியில் போகிறவர் கண்ணாடியைத் தள்ளிவிட்டு முகத்தைக் காற்றில் காட்டலாம். இவரால் அதுவும் முடியாது. காகிதத்தில் இவர் ஏசி பயணி. உண்மையில் அந்த நகரத்திலேயே மிகவும் வேகிறவர் இவர்தான். கொடுத்த வசதி, அது இல்லாமல் சமாளிக்கும் வழியையும் சேர்த்து வாங்கிக்கொண்டுவிட்டது. ‘முன்னைவிட மேல்’, ‘முன்னைவிடக் கீழ்’ என்று ஏணி போடும் தத்துவவாதிகள் கவனிக்க வேண்டிய படி இது. ஒரு நன்மையை எடைபோடும்போது அது வேலை செய்யும் நாளை மட்டும் எடைபோட்டால் போதாது.

தயாரிப்பாளர்களுக்கு இது தத்துவம் படிக்காமலே புரிந்தது. 1980களின் தொடக்கத்தில் வந்த ஆர்டிஎஸ் 04 வரிசையில் சரிந்த பின்புறம் போய் நிமிர்ந்த பின்புறம் வந்தது, ஏசி அமைப்பு மாறியது, திறக்கும் ஜன்னலும் கிடைத்தது. தாழ்ப்பாளை விடுவித்தால் கண்ணாடியின் மேல்பகுதி உட்பக்கமாகச் சாயும். ஒரு கையகலத்துக்குக் காற்று வரும். பாடத்தை எல்லோரும் கற்றார்களா என்றால் இல்லை. லண்டனில் 2012இல் ஓடத் தொடங்கிய புதிய ரூட்மாஸ்டரும் திறக்காத ஜன்னல்களோடுதான் வந்தது. மாடியில் பயணிகள் வெந்தார்கள். 2015இல் திறக்கும் ஜன்னல் பொருத்தும் வேலை தொடங்கியது. இதற்கு நேரெதிர் சான் பிரான்சிஸ்கோ. கடற்காற்றை நம்பி ஏசியே இல்லாமல் பல பத்தாண்டுகள் பஸ் விட்ட ஊர் அது. அங்கே புழுங்கும் நாட்கள் குறைவு. அந்த நாட்களிலும் பயணிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஜன்னல் இருந்தது.

சென்னைக்காரர்களுக்கு இந்த அமெரிக்கக் குழப்பம் கொஞ்சம் அந்நியமாகத் தெரியும். இங்கே குளிர் யாருக்கு என்பதை அதிர்ஷ்டம் முடிவு செய்வதில்லை, கட்டணம் முடிவு செய்கிறது. ஏசி பஸ்ஸுக்குத் தனி விலை. 2021இல் வந்த பெண்களுக்கான இலவசப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளுக்குத்தான். எது கூடுதல் நியாயம்? காசுக்கேற்ற குளிர் குறைந்தபட்சம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்று வாதாடலாம். ஆனால் மிகவும் கஷ்டப்படுகிறவரைத் தேடிப் போ என்ற பார்ஃபிட்டின் அளவுகோலில் அது தேறாது.

அமெரிக்காவில் அந்தத் தேடல் ஓரளவு சட்டமாகவே இருக்கிறது. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பு, கூட்டரசின் பணம் பெறும் அமைப்புகள் இனம், நிறம், பிறந்த நாடு பார்த்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. இதை நடைமுறைப்படுத்த கூட்டரசுப் போக்குவரத்து நிர்வாகம் 2012இல் வெளியிட்ட சுற்றறிக்கை, எந்த டெப்போவுக்கும் தடத்துக்கும் எந்த வண்டி போகிறது என்பதற்கு எழுதிவைத்த கொள்கை ஒன்றைக் கேட்கிறது. புது வண்டி எல்லாம் பணக்காரப் பேட்டைக்கு, ஓட்டை உடைசல் எல்லாம் கறுப்பினத்தவர் பேட்டைக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதே நோக்கம்.

நல்ல விதி, ஆனால் வண்டியின் வயதைப் பார்த்தால் மட்டும் போதாது. விடியற்காலை டெப்போவில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் இரண்டுக்கு ஏசி வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம்: ஒன்று ஜன்னல் திறக்கும் பழசு, மற்றது மூடிய கண்ணாடியோடு புதுசு. ஒரு வண்டியைத்தான் நிறுத்திவைக்க முடியும். பட்டியலை மட்டும் பார்க்கிற அதிகாரி பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை வெளியே அனுப்புவார். உள்ளே ஏறி உட்காரப் போகிறவரை நினைக்கிற அதிகாரி, புதியதை ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிவிட்டு அந்தப் பழைய வண்டியின் சாவியை டிரைவரிடம் கொடுப்பார்.