வீட்டின் மேல் ஓடும் தண்டவாளம்

இரவுச் சாப்பாட்டுக்கு முன் உங்கள் மகன் இருபது வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு, கை கழுவிக்கொண்டு மேசைக்கு வருகிறான். நீங்கள் அவனைக் கண்டிப்பீர்களா? இடித்தது கணினித் திரையில் என்றால்?

சென்ற மாதம் வீரமுனையில் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரின் மகன் புகையிரதப் பாதை அமைத்து நகரங்களை வளர்க்கும் விளையாட்டொன்றில் மூழ்கியிருந்தான். 1994இல் கிறிஸ் சோயர் என்பவர் ஆக்கிய 'டிரான்ஸ்போர்ட் டைக்கூன்' என்பதன் வழியில், 2004 முதல் 'ஓப்பன் டிடிடி' என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டு அது. பையன் அதில் நமது கரையோரத்தையே வரைந்திருந்தான். மெய்யான புகையிரதம் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது அல்லவா? அவனுடையதோ கல்முனையைத் தொட்டு அம்பாறைக்குத் திரும்பியது. ஊர்ப்பெயர்களையும் அவனே இட்டிருந்தான்.

இவ்விளையாட்டில் வீடுகளை இடித்தால் உள்ளூர்ச் சபை முகம் சுளிக்கும். மேலும் இடித்தால் நிலையம் கட்ட அனுமதி தராது. அப்போது ஊரைச் சுற்றி மரம் நட்டால் சபையின் கோபம் தணியும். சபைக்கு இலஞ்சம் கொடுக்கவும் ஒரு வழி உண்டு. பிடிபட்டால் பெயர் அடியோடு கெடும். பையன் மரம் நடுகிறவன். இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். இருபது வீட்டுக்கு ஈடாக இருநூறு மரம்! நமது நாட்டில் மரம் நடுகை விழாக்களுக்குப் போய்வந்த எவருக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல.

திரையில் இடிந்த வீட்டில் எவரும் குடியிருக்கவில்லை. ஆகவே அதில் பாவம் தேடுவது வீண் வேலை. பாதைகளையும் வடிகால்களையும் திட்டமிட மேலிருந்து பார்க்கும் கண்ணும் ஒருவருக்கு வேண்டியதே. என்னை உறுத்துவது வேறொன்று. மேலிருந்து பார்த்துப் பழகிய கண் பிறகு கீழே இறங்குமா?

பிலிப்பைன்சைச் சேர்ந்த கட்டடக்கலை மாணவர் வின்சென்ற் ஒகாஸ்லா, 'சிம்சிட்டி 3000' என்னும் விளையாட்டில் 60 இலட்சம் பேர் வாழும் நகரமொன்றைப் பல ஆண்டுகள் கணக்கிட்டு அமைத்து, 2010 அளவில் வெளியிட்டார். ஓரங்குல நிலமும் வீணாகாத நகரம். ஆனால் அங்கே ஐம்பது வயதைத் தாண்டி வாழ்பவர் இல்லை. விளையாட்டின் விதிப்படி அது பெருவெற்றி! தாம் அதைக் கண்டனமாகவே அமைத்ததாக அவர் விளக்கினார்.

நமக்கு உதாரணம் தேடி அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிய பின், வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று விதி வந்தது; தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். உயிர்களைக் காக்கும் எண்ணம் அதில் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் நெருக்கமாக வாழ்ந்த மக்களுக்கு அந்தக் கோட்டுக்கு அப்பால் நிலம் எங்கே? தோணியைக் கரையில் விட்டுவிட்டு மீனவன் எங்கே போய்த் தூங்குவான்? கோடு கீறப்பட்ட பிறகே இக்கேள்விகள் உரக்க எழுந்தன. பின்னர் அந்த எல்லை குறைக்கப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் கூடாரங்களில் மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டன.

அன்று மாலை பையனின் அம்மம்மா திரையை எட்டிப் பார்த்தார். 1990இல் இந்த ஊர் சிதறியபோது, கட்டிய சேலையோடு வீட்டைவிட்டு ஓடி, அகதி முகாமில் ஆண்டுகளைக் கழித்தவர் அவர்.

"இது எந்த ஊர், மனே?"

"நம்மட வீரமுனைதான் அம்மம்மா. இதுக்குள்ளால ரோட்டும் ரயிலும் போகுது."

"அப்ப வீடெல்லாம்?"

பையன் பதில் சொல்லவில்லை. "விளையாட்டுத்தானே" என்று அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது உண்மையும்தான். ஆனால் அவன் தண்டவாளத்தைப் பிடுங்கி, ஊரைச் சுற்றி வளைத்துப் போடத் தொடங்கினான். பணம் கூடச் செலவானது. வளைவுகளில் வண்டியின் வேகமும் குறைந்துவிட்டதாக என்னிடம் முறையிட்டான்.

அம்மம்மா இன்னும் திரையைவிட்டு அகலவில்லை.

"சரி மனே, வீரமுனையில ரயில் நிக்குமா?"

அவன் அங்கே நிலையம் வைத்திருக்கவில்லை.