கடவுளுக்கு வாக்கெடுப்பா?

1949-ஆம் ஆண்டு அக்டோபர் 17. புதுதில்லியில் கூடியிருந்த அரசியல் நிர்ணய சபை, அரசியல் சாசனத்தின் முகவுரையை விவாதத்திற்கு எடுத்துக்கொண்டது. எச்.வி. காமத் எழுந்து ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். 'இந்திய மக்களாகிய நாம்' என்னும் தொடக்கத்திற்கு முன்னால் 'கடவுளின் பெயரால்' என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும் என்பதே அது.

காமத்தைக் குறுகிய மதவாதி என்று ஒதுக்கிவிட இயலாது. ஐ.சி.எஸ். பதவியைத் துறந்து நேதாஜியுடன் இணைந்து தேசப்பணி ஆற்றியவர் அவர். குறிப்பிட்ட எந்தத் தெய்வத்தின் பெயரையும் அவர் கேட்கவில்லை. 1937-இல் உருவான அயர்லாந்தின் அரசியல் சாசனம் பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் தொடங்குகிறது. அதனோடு ஒப்பிட்டால் காமத் கேட்டது மிகப் பொதுவான ஒரு சொல்தான்.

ஆனால் அந்தப் பொதுச்சொல்லே சபையில் எத்தனை கேள்விகளை எழுப்பிற்று! அஸ்ஸாமைச் சேர்ந்த ரோகிணி குமார் சௌத்ரி, அன்னை காமாக்யாவை வழிபடும் மண்ணிலிருந்து வந்தவர். 'தேவியின் பெயரால் என்று எழுதினால் என்ன?' என்று அவர் வினவினார். இது நம்பிக்கை விஷயத்தில் ஒரு கட்டாயம் ஆகிவிடும் என்றார் தாணுப் பிள்ளை. எண்ணத்திற்கும் நம்பிக்கைக்கும் வழிபாட்டிற்கும் சுதந்திரம் அளிக்கும் முகவுரையே அச்சுதந்திரத்திற்கு முரணாகத் தொடங்கலாமா என்பது இருதயநாத் குன்ஸ்ருவின் கவலை. கடவுளை முன்னிட்டு வாக்களிக்கும் தர்மசங்கடத்திற்குத் தங்களை ஆளாக்க வேண்டாம் என்று பூர்ணிமா பானர்ஜி காமத்தை வேண்டிக்கொண்டார்.

காமத் இணங்கவில்லை. கைகள் உயர்ந்தன: ஆதரவு 41, எதிர்ப்பு 68. நம் வரலாற்றில் இது ஒரு கறுப்பு நாள் என்று மனம் நொந்தார் காமத். ஏறத்தாழ 300 உறுப்பினர் கொண்ட சபையில் வாக்களித்தவர்கள் 109 பேரே என்பதையும் இங்கு கவனிக்க வேண்டும்.

அந்த 68 பேரும் நாத்திகர்கள் என்று எவரேனும் கருதினால் அது பெரும் பிழை. அவர்களுக்கு முன்னிருந்த வினா 'கடவுள் உண்டா?' என்பதன்று. 'நாம்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதே. இந்தியத் தத்துவ மரபை அறிந்தோர் இவ்வினாவின் கனத்தை உடனே உணர்வர். பௌத்தமும் சமணமும் படைப்புக் கடவுளை ஏற்பதில்லை. அவை வேதத்திற்குப் புறம்பானவை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் வேதத்தைப் பிரமாணமாகக் கொண்ட ஆறு தரிசனங்களுள், வேள்வியை அணு அணுவாக ஆராய்ந்த பூர்வ மீமாம்சைக்கும் படைப்புக் கடவுள் தேவைப்படவில்லை. ஈசுவர கிருஷ்ணரின் சாங்கியமும் அத்தகையதே. 'கடவுளின் பெயரால்' என்று எழுதினால், ஜைமினி முனிவரே வாசலில் நிற்க நேரிடும்!

காமத்தின் வேதனையிலும் ஓர் உண்மை இருக்கிறது. தனக்கு மேலானதொன்றை வணங்காத அரசு தன்னையே வணங்கத் தொடங்கும் அபாயம் உண்டு. இருபதாம் நூற்றாண்டு அத்தகைய அரசுகளைக் கண்டிருக்கிறது. எனினும், ஆள்வோரின் செருக்கை அடக்கும் சக்தி ஏட்டில் எழுதிய ஒரு பெயருக்கு உண்டா? பரம்பொருளின் பெயரைச் சொல்லிக்கொண்டே போர் தொடுத்த மன்னர்கள் எல்லாச் சமயங்களிலும் இருந்திருக்கிறார்கள். சமயம் மனிதனின் அகந்தையைக் கரைப்பது. சமயச் சார்போ பல வேளைகளில் அதே அகந்தைக்குக் கூட்டத்தின் பலத்தைச் சேர்ப்பது. அரசியல் மேடைக்கு எளிதில் வந்து சேர்வது இரண்டாவதுதான்.

இந்த வேறுபாட்டைச் சட்டத்தின் மொழியில் வரையறுப்பது எளிதன்று. சமயத்தைக் காட்டி வாக்குக் கேட்பதை 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் முறைகேடாகக் கருதுகிறது. வேட்பாளரின் சமயம் மட்டுமா, வாக்காளரின் சமயமும் இதில் அடங்குமா? 2017 ஜனவரியில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் சமயமும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. நால்வர் ஒருபுறம், மூவர் மறுபுறம். சமயத்தின் பெயராலோ சாதியின் பெயராலோ தலைமுறைகளாகத் துன்புற்றோர் அத்துன்பத்தைத் தேர்தலில் பேசவும் தடை வந்துவிடுமே என்பது அம்மூவரின் கவலை. அதையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

முகவுரையில் இடம்பெறாத கடவுளின் பெயர், அதே சாசனத்தின் வேறோர் இடத்தில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் பதவியேற்கும்போது எடுக்கும் உறுதிமொழியை 60-ஆம் பிரிவு வகுக்கிறது. அங்கே இரண்டு வழிகள் தரப்பட்டுள்ளன: 'கடவுளின் பெயரால் ஆணையிடுகிறேன்' என்று கூறலாம், 'உளமார உறுதி கூறுகிறேன்' என்றும் கூறலாம். எதைத் தேர்வதென்பது பதவியேற்பவரின் உள்ளத்தைப் பொறுத்தது. அதற்குப் பின்வரும் கடமை இருவருக்கும் ஒரே சொற்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது.