யார் சொன்னால் அது வலி?

“ஸ்கேன்ல ஒண்ணும் இல்லம்மா.”

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்து ஒரு பெண் பேருந்தில் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்ற அவளுக்குக் கிடைப்பது இந்த ஒரு வாக்கியம். மாதந்தோறும் அவளைச் சுருட்டிப் போடும் வலி, அந்த நிமிடத்தோடு இல்லாமல் போய்விடுமா?

கருப்பையின் உள்வரியைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாதாரண ஸ்கேனில் பல சமயம் தெரியாது. கண்டறியவே பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆண்டுகளை நிரப்புபவை நம் வீட்டு வாக்கியங்கள்: “பொம்பளன்னா பொறுத்துக்கணும்”, “ஒரு புள்ள பொறந்தா சரியாப் போயிடும்.”

இந்த இடைவெளியில்தான் கைவைத்தியம் நுழைகிறது. 1874இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய ஆஸ்டியோபதி, தசைகளையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் தளர்த்தும் முறை. விளக்கெண்ணெய் தடவி அடிவயிற்றை நீவிவிடும் பாட்டிகளைக் கண்ட நமக்குக் கையின் ஆறுதல் புதிதல்ல. நெடுநாள் வலியில் இடுப்புத் தசைகள் இறுகும். அந்த இறுக்கமே இன்னொரு வலியாகும். அதைத் தளர்த்தினால் சிலருக்கு இதமாக இருக்கலாம். ஆனால் வெளியே வளர்ந்த திசுவைக் கை கரைக்காது. இத்தகைய சிகிச்சைகளைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே 2022இல் வந்த ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டியின் நிலை.

அப்படியானால், “அங்க போனா எனக்கு நல்லா இருக்கு” என்று சொல்லும் பெண்ணை நம்புவதா, வேண்டாமா?

அவள் சொல்வதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. வலி இருக்கிறதா, குறைந்ததா என்பது ஒன்று. அதற்கு அவளே சாட்சி, மேல்முறையீடு கிடையாது. எது குறைத்தது, நோய் என்ன ஆனது என்பது மற்றொன்று. அதற்கு ஆய்வு வேண்டும். ஸ்கேனைக் காட்டி வலியை மறுக்கும் மருத்துவர் முதல் கேள்வியை அவளிடமிருந்து பிடுங்குகிறார். இதத்தைக் காட்டி “நோயே போயிடும்” என்று காசு வாங்குபவர், அவள் சாட்சியத்தை இரண்டாவது கேள்விக்குப் பொய்ச் சாட்சியாக்குகிறார். ஒருவர் அவளை நம்பவில்லை. மற்றவர் அவள் நம்பிக்கையை விற்கிறார்.

கைவைத்தியரிடம் கிடைத்த இதத்தில் ஒரு பங்கு, “எங்க வலிக்குது? எத்தனை வருஷமா?” என்று ஒருவர் பொறுமையாகக் கேட்டதாலும் இருக்கலாம். அது உண்மையென்றால் வெட்கப்பட வேண்டியது அவளல்ல, கேட்காமல் அனுப்பியவர்கள். 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மலைக்கு அருகே கட்டடம் வந்துவிட்டது. அந்த இரண்டு கேள்விகளும் எல்லாப் புறநோயாளிப் பிரிவுகளுக்கும் வர வேண்டும். அவற்றுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.